இரண்டு இடத்து மாடுகள்

மாட்டுக்கு நாலு காலைக் கொடுத்த கடவுள், அதில் எதை முதலில் எடுத்து வைப்பது என்பதை மட்டும் மாட்டின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். அதனால் ஓர் ஆடி மாதத்தில் எங்கள் வீடு பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், மலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஊர்.

அந்த வருஷம் சித்திரையில்தான் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். எதனால் சண்டை என்று சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. வரப்பில் நின்ற ஒரு வேப்பமரத்தை வெட்டலாமா வேண்டாமா என்பதில் ஆரம்பித்தது. மரம் பிழைத்துக்கொண்டது, அண்ணன் தம்பி பேச்சுதான் நின்றுபோனது. பெரியப்பா பங்கு வைத்தார், இளையவர் என்பதால் அப்பா முதலில் எடுத்தார். எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் புஞ்சை நிலம். அதில் பள்ளத்துக் கொல்லை எங்களுக்கு வந்தது, மேட்டுக் கொல்லை பெரியப்பாவுக்குப் போனது. அண்டா குண்டாவைப் பிரித்து, ஏணியைப் பிரித்து, கடைசியில் மாட்டுக் கொட்டகைக்கு வந்தார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு ஜோடி உழவு மாடு. ஜோடியை ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவருக்கு ஈடாக வேறு எதையாவது கொடுக்கலாம் என்று ஊரில் நாலு பேர் சொல்லிப் பார்த்தார்கள். கேட்டால்தானே? ஆளுக்கொரு மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நல்லவேளை எங்களிடம் வண்டி இல்லை. இருந்திருந்தால் ஆளுக்கொரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

உழவு தெரியாதவர்களுக்கு இதில் உள்ள கோளாறு புரியாது. ஒரு ஜோடியில் ஒன்று இடத்து மாடு, இன்னொன்று வலத்து மாடு. கன்றாக இருக்கும்போதே எதற்கு எந்தப் பக்கம் தோதுப்படுகிறது என்று பார்த்து, நுகத்தடியில் அந்தப் பக்கமே கட்டிப் பழக்கிவிடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் அதுதான் அதன் பக்கம். மாற்றிக் கட்டினால், நம்மை இடது கையால் சாப்பிடச் சொன்ன மாதிரி அது தவித்துப்போகும்.

எங்களுக்கு வந்தது இடத்து மாடு. அது கிளம்பினால் இடது முன்னங்காலைத்தான் முதலில் வைக்கும். படுத்தால் இடப்பக்கம் சாய்ந்துதான் படுக்கும். தொட்டிக்கு வலப்பக்கம் கட்டினோமோ, கயிற்றைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து நின்று, கழுத்து இறுகி, என்னமோ நாம் செய்த குற்றம் போல நம்மை முறைக்கும். உதைப்பதும் இடது பின்னங்காலால்தான். ஏகப்பட்ட கோபம் வேறு. தவிடு கலக்கக் கொஞ்சம் நேரமானால் தொட்டியை முட்டிக் கவிழ்த்துவிடும்.

பெரியப்பாவுக்குப் போன வலத்து மாடு இதற்கு நேர் எதிர். தலையில் காக்கை உட்கார்ந்தாலும் அதற்குக் கோபம் வராது. ஆனால் எழுப்பினால் உடனே எழுந்துவிடாது. யோசிக்கும். பெருமூச்சு விடும். அப்புறம் போனால் போகிறதென்று வலது காலை எடுத்து வைக்கும். ஒன்றின் அவசரத்தை இன்னொன்று இழுத்துப் பிடிக்கும், ஒன்றின் சோம்பலை இன்னொன்று இழுத்துக்கொண்டு போகும். அப்படித்தான் அவை இரண்டும் சேர்ந்து நேராக உழுதுகொண்டிருந்தன. தனித்தனியாக இரண்டும் தண்டம்.

ஆக, அப்பாவுக்கு ஒரு வலத்து மாடு தேவை. பெரியப்பாவுக்கு ஓர் இடத்து மாடு தேவை. என் பத்து வயசுப் புத்திக்கே இதற்கு வழி தெரிந்தது. ஊர்நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். அந்த இரண்டு பேருக்கும் மட்டும் தெரியவில்லை. அப்பா என்ன செய்தார் தெரியுமா? மாமாவைக் கூப்பிட்டு மாடு வாங்கி வரச் சொன்னார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாட்டுக்குச் சுழி பார்ப்பதில் தன்னை மிஞ்ச இந்த ஜில்லாவிலேயே ஆள் இல்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடங்களைக் கொண்டு அது வந்த வீடு விளங்குமா விளங்காதா என்று சொல்கிற வித்தை அது. பாடைச் சுழி இருந்தால் வீட்டில் சாவு விழும், விலங்குச் சுழி இருந்தால் போலீஸ் வரும், லட்சுமிச் சுழி இருந்தால் நெல்லு கொட்டும். மலை மேலே சாமையும் தினையும் போடுகிற ஒரு குடும்பத்தில் ஜோடியில் ஒன்று செத்துப்போய் மற்றதை விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினார். அங்கே அந்த மாட்டை நிற்க வைத்து, வால் நுனியிலிருந்து நெற்றி வரைக்கும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாராம். மலைக்காரர்கள் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இந்த மனுஷன் மாட்டுக்குப் பேன் பார்க்கிறாரா என்று வேடிக்கை பார்த்தார்களாம்.

மறுநாள் மாமா மாட்டோடு தெருவில் வந்த வரத்தைப் பார்க்க வேண்டுமே. சாமி ஊர்வலம் தோற்றது. மாடும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆறு பல் போட்ட இளவயசு, மை பூசின மாதிரி கண், நல்ல திமில். ஆனால் படு பயந்தாங்கொள்ளி. எதிரே ஒருத்தர் குடையை விரித்தார் என்று நின்ற இடத்திலேயே நாலு காலும் நடுங்கி நின்றது. அப்பாவின் தோளில் துண்டு காற்றில் ஆடியதற்கு மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளியப் பார்த்தது.

“கோபுரச் சுழி, மாமா! நடு முதுவுல பாரு, ஜம்முனு கீது. இன்னும் மூணு வருசத்துல நீ மாடி வூடு கட்டலன்னா என்ன இன்னான்னு கேளு” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார் மாமா. அப்பாவின் முகமெல்லாம் பல். அம்மா கற்பூரம் சுற்றிக் காட்டினாள். கொட்டகைக்குள் போக ஒரு கல் படி உண்டு. மாடு அந்தப் படியண்டை வந்து நின்றது, இடது முன்னங்காலைத் தூக்கி உள்ளே வைத்தது. அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மாட்டை வெளியே இழுத்து மறுபடியும் உள்ளே விட்டார். மறுபடியும் இடது கால்.

“டேய், இது எந்தப் பக்கம் கட்டுன மாடுடா?”

“எந்தப் பக்கம்னா? சுழி நடு முதுவுல கீது மாமா.”

“சுழியத் தூக்கி ஒலையில போடு. செத்துப்போன மாடு எடத்து மாடா, வலத்து மாடா?”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். “அது செத்துப்போன மாடாச்சே, அதப் பத்தி நான் ஏன் கேக்கறேன்?” என்றார்.

செத்தது வலத்து மாடு. மாமா லட்சணம் பார்த்து, சுழி பார்த்து, பல்லைப் பார்த்து வாங்கி வந்தது இன்னோர் இடத்து மாடு. இப்போது எங்கள் கொட்டகையில் இரண்டு இடத்து மாடுகள். தொட்டிக்கு இடப்பக்கம் யார் நிற்பது என்று அன்று முழுக்க இரண்டும் முட்டிக்கொண்டன. எங்கள் மாடு முட்டியது என்பதுதான் சரி. மலை மாடு பயத்தில் மூத்திரம் போய்க்கொண்டே சுவரோரம் நின்றது.

அந்த நேரம் பார்த்து மழை பெய்து தொலைத்தது. நல்ல மழை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையை விதைக்க ஊரே காத்துக்கொண்டிருந்த மழை. மானாவாரிக் கொல்லையில் இந்த ஈரம் இருக்கும்போதே உழுது விதை போட்டாக வேண்டும். ஈரம் போனால் அந்த வருஷமே போச்சு. விதைக்கென்று அம்மா உடைத்து வைத்த மல்லாட்டைப் பருப்பு கூடைகளில் தயாராக இருந்தது. அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டதற்கே எனக்கு முதுகில் அறை விழுந்தது. அதைத் தவிர வீட்டில் வேறு முதல் இல்லை. டிராக்டர் எல்லாம் அப்போது எங்கள் பக்கம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஊரில் எல்லோரும் அவரவர் ஏரைப் பூட்டிக்கொண்டு ஓட, எங்களுக்கு வாடகைக்குக்கூட மாடு கிடைக்கவில்லை.

“பழக்கிட்டா வலத்துல நிக்காதா இன்னா? ரெண்டே நாளு” என்றார் மாமா. மலை மாட்டை வலப்பக்கம் கட்டினார்கள். அது நுகத்தடிக்குக் கீழே குனிந்து நுழைந்து இடப்பக்கம் வந்துவிட்டது. கண்ணில் துணி கட்டிப் பார்த்தார்கள். நடுங்கிப்போய் படுத்துக்கொண்டது, அதுவும் இடப்பக்கமாக. சரி, எங்கள் மாட்டை வலப்பக்கம் மாற்றுவோம் என்று மாமா அதன் கயிற்றைப் பிடித்தார். இடது பின்னங்கால் ஒன்று எங்கிருந்தோ வந்தது. மாமா வரப்புக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார். கடைசியில் எப்படியோ இரண்டையும் பூட்டி ஓட்டியபோது, இரண்டும் இடப்பக்கமே தள்ளிக்கொண்டு போய், ஏர் ஒரு பெரிய வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அந்த வட்டத்தைப் பார்க்க ஊரில் பாதிப் பேர் வந்தார்கள்.

வந்தவர்கள் சும்மா போவார்களா? “ஏம்பா, உங்க அண்ணன் வூட்ல வலத்து மாடு சும்மா நின்னுக்கினு கீதே” என்று ஒருத்தர் விடாமல் சொன்னார்கள். “நிக்கட்டும்” என்றார் அப்பா. அங்கே போய்ப் பெரியப்பாவிடமும் சொன்னார்கள். “அவன் மாட்டப் பத்தி எங்கிட்ட பேசாத” என்றாராம் அவர். அவரிடம் ஒற்றை மாடும் கவிழ்த்து வைத்த கலப்பையும் இருந்தன. இரண்டு பேரும் அவரவர் வாசலில் நின்றுகொண்டு, வெயிலில் ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

உலுக்கியது அம்மா. எங்கள் பக்கத்தில் புருஷனின் அண்ணன் முன்னால் பெண்கள் உட்காரக்கூட மாட்டார்கள். நேருக்கு நேர் பேச்சே கிடையாது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்லுவார்கள். அம்மாவும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் விடிந்ததும் எங்கள் மாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேரே பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். “ஏய், எங்கடி போற?” என்று அப்பா கத்திக்கொண்டு வந்து, அண்ணன் வீட்டு வாசல் தெரிந்ததும் தெருக்கோடியிலேயே நின்றுவிட்டார்.

பெரியப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

“உங்க ரெண்டு பேரு ரோஷத்த ஏர்ச்சால்ல போட்டா மொளைக்காது. நீங்க பேசிக்க வாணாம், ஒருத்தர் வூட்ல ஒருத்தர் தண்ணி குடிக்க வாணாம், மூஞ்சியில முழிக்க வாணாம். மாடு ரெண்டும் சண்ட போடல. அதுங்கள கட்டி ஓட்டுங்க. வெத போவலன்னா புள்ளைங்களுக்கு எதங்க ஊத்தறது, மண்ணக் கரைச்சா?”

பெரியப்பாவின் வாயில் பல்பொடி நுரைத்துக்கொண்டு நின்றது. அம்மா கயிற்றைக் கீழே போட்டாள். எங்கள் மாடு நேராகப் போய், வலத்து மாட்டின் தொட்டியில் மிச்சமிருந்த தவிட்டை முதலில் தின்று தீர்த்தது. பிறகு அதன் இடப்பக்கம் போய் நின்றுகொண்டது. வலத்து மாடு ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. பெரியப்பா வாயைக் கொப்பளித்தார். நுகத்தடியைக் கொண்டுவந்து இரண்டின் கழுத்திலும் வைத்தார், கலப்பையைத் தூக்கி அதன் மேல் மாட்டினார், ஓட்டிக்கொண்டு கிளம்பினார். அப்பா நிறைய இடம் விட்டுப் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் விதைக் கூடையோடு அம்மாவும் பெரியம்மாவும் நானும்.

ஊரைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் இறங்கினால் எங்கள் பள்ளத்துக் கொல்லை, வலப்பக்கம் ஏறினால் பெரியப்பாவின் மேட்டுக் கொல்லை. அங்கே வந்ததும் அப்பா பின்னாலிருந்து குரல் கொடுத்தார், மாட்டுக்கு.

“ஏய்! வலத்த திரும்பு! மேட்டுக்கு ஏறு, மேட்டுக்கு!”

பெரியப்பா திரும்பியும் பார்க்கவில்லை. அவரும் மாட்டுக்குத்தான் சொன்னார். “எடத்த போ, எடத்த. கீழ எறங்கு.”

வலத்து மாடு வழக்கம்போல யோசித்துக்கொண்டு நின்றது. அதற்குள் எங்கள் மாடு இடது காலைக் கீழே எடுத்து வைத்தாயிற்று. ஏர் எங்கள் கொல்லையைப் பார்த்து இறங்கியது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! ‘உன் கொல்லைக்குப் போ’ என்று அப்பா விரட்டுகிறார், இந்த மனுஷன் காதில் போட்டுக்கொள்ளாமல், எங்கள் மாட்டையும் பிடுங்கிக்கொண்டு எங்கள் கொல்லைக்குள்ளேயே நுழைகிறாரே! “அம்மா, பாருமா” என்றேன். “வாய மூடிக்கினு வா” என்றாள் அம்மா.

எங்கள் கொல்லையில் கலப்பைக் கைப்பிடியான மேழியைப் பெரியப்பாவே பிடித்தார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏர் திரும்ப முடியாத மூலைகளை வெட்டிக்கொண்டிருந்தார். ஏர் கிழித்த சாலில் அம்மாவும் பெரியம்மாவும் விதை போட்டுக்கொண்டு போனார்கள். ஆண்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பேச்செல்லாம் மாட்டோடுதான். “ஏய், ராவெல்லாம் தூங்காம கண்ணு செவந்து கெடக்குதே, வெயில்ல நிக்காத” என்று பெரியப்பா மாட்டைப் பார்த்துச் சொன்னார். எங்கள் மாடு ராத்திரி நன்றாகத்தான் தூங்கியது. “கஞ்சி குடிச்சிட்டு ஓட்டலாமே, இன்னா அவசரம்” என்று அப்பா வலத்து மாட்டைக் கேட்டார். மாடு எங்கே கஞ்சி குடித்தது? இரண்டு பேருக்கும் மூளை குழம்பிவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன்.

எங்கள் கொல்லையை முடிக்க அன்றும் மறுநாளும் ஆயின. அதற்கடுத்த நாள் ஏர் மேட்டுக்கு ஏறியது. மழை திரும்ப எட்டிப் பார்க்கவில்லை, வெயில் கொளுத்தியது. மேட்டில் கலப்பையின் கொழு மண்ணில் இறங்காமல் வழுக்கி வழுக்கிப் போனது, ஏருக்குப் பின்னால் புழுதி பறந்தது. இருந்தாலும் விதையைப் போட்டார்கள்.

எங்கள் கொல்லையில் மல்லாட்டை வரிசை பிடித்து முளைத்தது. பெரியப்பா கொல்லையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை நீட்டியது, அதையும் பாதி எறும்பு தின்றது. மாமா தன் கோபுரச் சுழிதான் எங்களைக் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிற்பாடு அந்த மலை மாட்டைச் சந்தையில் கொடுத்து வலத்து மாடாக மாற்றியபோது, அம்மா தானே கூடப் போய் நாலைந்து தடவை மாட்டை நடக்க விட்டுப் பார்த்துத்தான் ஓட்டி வந்தாள்.

ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “நம்ம மாட்டப் புடுங்கிக்கினு நம்ம கொல்லையிலயே வந்து நாட்டாமை பண்ணாரில்ல, அதான் சாமி அவுரு கொல்லைய அப்படிப் பண்ணிட்ச்சி” என்றேன் நான். அப்பா பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவி எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவருக்காகப் பேசினால் அவருக்கே கோபம் வருகிறது, இந்த வீட்டில் என்னதான் பேசுவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்குச் சின்னசேலம் பக்கத்தில் ஒரு மேட்டுக்காட்டு ஊரில் கல்யாணமானது. கல்யாணமான மறு வருஷத்து ஆடியில் நல்ல மழை. விடிவதற்கு முன்னாலேயே வீட்டில் எல்லோரும் ஏரோடு மேட்டுக்கு ஓடினார்கள். எங்களுக்குப் பள்ளத்திலும் கொஞ்சம் நிலம் இருந்தது. “கீழ யாரும் போவலியா?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“பள்ளம் எங்க போவப்போவுது? ஈரம் நாலு நாளு தாங்கும். மேடுதான் ரெண்டு வெயிலுக்கே காஞ்சிடும். மேட்ட முடிச்சிட்டுத்தான் பள்ளம். இதுகூடத் தெரியாதா உனக்கு?” என்றார் அவர்.

விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். மேட்டை முதலில் ஓட்டியிருந்தால் அன்று இரண்டு கொல்லையுமே விளைந்திருக்கும். உழவே தொழிலாக இருந்த அந்த இரண்டு பேருக்கும் அது தெரியாதா? மேட்டுக்கு ஏறு என்று அப்பா கத்தியது பெரியப்பாவை விரட்டவா?

அடுத்த தடவை அப்பா என்னைப் பார்க்க வந்தபோது சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

“ஏம்பா, அன்னிக்கி நீ மேட்டுக்கு ஏறுன்னு சொன்னது, பெரியப்பா கொல்லைய மொதல்ல ஓட்டறதுக்குத்தான?”

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

“அத அவருகிட்ட சொல்றதுக்கின்னா? மாட்டுகிட்ட சொன்னா அதுக்கு இன்னா தெரியும்? அண்ணே, உன் கொல்லைய மொதல்ல ஓட்டுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்தா போயிடும்?”

அப்பா சோற்றை ஓரமாக ஒதுக்கினார். பிறகு சொன்னார்.

“அவருக்குக் கேட்டுச்சிம்மா. கேட்டுக்கினுதான் கீழ எறக்குனாரு.”